கதையை யார் சொல்கிறார்: விகுதி பார்ப்பதா, ‘இது யாருக்குத் தெரியும்’ என்று கேட்பதா?

ஒரு கதைப்பகுதி யாருடைய கோணத்தில் நகர்கிறது என்பதைக் குழந்தைகளுக்குக் காட்ட இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. வினைமுற்றின் கடைசியில் வரும் விகுதியைப் பார்த்துத் தன்மையா (நான், நாங்கள்) படர்க்கையா (அவன், அவள், அவர்) என்று சொல்லவைப்பது ஒன்று. வரிக்கு வரி ‘இது யாருக்குத் தெரியும்?’ என்று கேட்டுக்கொண்டே போவது மற்றொன்று. வகுப்பில் நான் நம்பியிருப்பது இரண்டாவதைத்தான்.

விகுதி வழி எளிது, ஒரு பாடவேளை போதும். தமிழில் ‘நான்’, ‘அவள்’ பெரும்பாலும் மறைந்தே நிற்கும் என்பதால் பெயரைத் தேடச் சொல்வதைவிட ஏன், ஓம், ஆன், ஆள், ஆர் விகுதிகளை அடிக்கோடிடச் சொல்வது நல்லது. அதற்கு முன் மேற்கோள் குறிக்குள் இருக்கும் பேச்சையெல்லாம் பென்சிலால் அடித்துவிட வேண்டும். இல்லையென்றால் பாத்திரம் பேசும் ‘வருகிறேன்’ என்ற ஒரு சொல்லைப் பார்த்ததுமே ‘தன்மை’ என்று எழுதிவிடுவார்கள்.

இந்த வழி தடுக்கி விழும் இடம் படர்க்கை. பிள்ளைகள் படிக்கும் கதைகளில் பெரும்பகுதி படர்க்கைதான். எல்லாம் அறிந்த கதைசொல்லியா, ஒரே பாத்திரத்தின் தோளோடு ஒட்டி நடப்பவரா என்பதை விகுதி சொல்லாது. இரண்டிலும் அதே ஆன், ஆள்தான். என் தேர்வை முடிவுசெய்தது இதுதான். இந்தப் பகுதியைப் பாருங்கள்:

‘மாலா வாசலில் நின்றாள். தெருமுனையில் அண்ணன் வந்துகொண்டிருந்தான். கையில் ஏதோ பொட்டலம். தனக்குத்தான் வாங்கியிருப்பான் என்று நினைத்தாள்.’

முழுக்கப் படர்க்கை. ஆனால் நாம் நிற்பது மாலாவின் கண்ணுக்குப் பின்னால். ‘ஏதோ’ என்பது அவளுடைய அறியாமை. பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று அண்ணனுக்குத் தெரியும். ‘தனக்கு’ அவள் மனத்துக்குள்ளிருந்து வருகிறது. ‘வந்துகொண்டிருந்தான்’ என்ற வினை அவள் நிற்கும் இடத்தைக் காட்டுகிறது. அண்ணன் பக்கமிருந்து சொன்னால் ‘போய்க்கொண்டிருந்தான்’ என்றே பெரும்பாலும் வரும். வருதலும் தருதலும் தன்மை, முன்னிலைக்கு உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்ற இயலே பிரித்துச் சொல்கிறது. கோணத்தைக் காட்டும் இவ்வளவு நல்ல தடயங்கள் மொழிக்குள்ளேயே இருக்க, விகுதியோடு நின்றுவிடுவது பெரிய இழப்பு.

செய்முறை: இரண்டு பாத்திரங்கள் உள்ள எட்டு, பத்து வரிப் பகுதி ஒன்றை எடுங்கள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அதை அறியக்கூடியவரின் முதலெழுத்தைக் குறிக்கட்டும். இருவருக்கும் தெரியுமென்றால் இரண்டு எழுத்து. மனத்துக்குள் நடப்பதைச் சொல்லும் வரிகளை மட்டும் வட்டமிடட்டும். வட்டமெல்லாம் ஒருவருக்கே விழுந்தால் அவர் கோணம். இருவருக்கும் விழுந்தால் பெரும்பாலும் எல்லாம் அறிந்த கதைசொல்லி. பிறகு நாலு வரியை மற்றவர் கோணத்தில் மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

பிழை வருவது இந்த மாற்றி எழுதும் இடத்தில்தான். ‘அவள்’ இருந்த இடத்தில் ‘நான்’ போட்டுவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுவார்கள். ‘அவள் முகம் வெளிறியது’ என்பது ‘என் முகம் வெளிறியது’ ஆகிவிடும். கண்ணாடி இல்லாமல் தன் முகத்தைப் பார்த்தது யார்? அதனால் எழுதத் தொடங்கும் முன்பே ‘இனி சொல்ல முடியாத வரி எது?’ என்று கேட்டு அதை அடிக்கவைத்துவிடுங்கள். அடுத்தவர் மனநிலையைச் சொல்ல ‘கோபமாக இருந்தான்’ போய் ‘கோபமாக இருப்பது போலிருந்தது’ வந்துவிட்டால் பிடிபட்டுவிட்டது என்று பொருள்.

இதற்கு இரண்டு பாடவேளை வேண்டும். தேர்வுக்கு முந்தின வாரத்தில் விகுதி வழியே கைகொடுக்கும். எட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் எனக்கு அனுபவம் குறைவு. அவர்களுக்கு வாய்மொழியாக மூன்று வரிகளோடு நிறுத்திக்கொள்வது போதுமென்று தோன்றுகிறது. முதல் பகுதிக்கு, ஒரு பாத்திரம் மற்றவரிடம் எதையாவது மறைக்கிற காட்சியாகத் தேடுங்கள். இருவருக்கும் எல்லாம் தெரிந்த காட்சியில் எல்லா ஓரத்திலும் இரண்டு எழுத்தே விழும், பிரித்துக் காட்ட எதுவும் மிஞ்சாது.