இறங்க மறுத்த ஐடிலிங்: பழைய பெட்ரோல் காரில் பழுதைத் தேடியதும் அதற்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளும்

என் கார் இருபது ஆண்டுகளைக் கடந்தது. கேபிளால் இயங்கும் திராட்டிலும் (இஞ்சினுக்குள் காற்றை விடும் மூடி), காற்றின் அளவை மேனிஃபோல்டின் (அந்தக் காற்றைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) அழுத்தத்தைக் கொண்டு கணக்கிடும் எம்ஏபி சென்சாரும் உடைய பெட்ரோல் வண்டி அது. இஞ்சின் சூடேறிய பிறகு 750 முதல் 850 ஆர்பிஎம் (நிமிடத்துக்குச் சுற்றுகள்) வரை இருக்க வேண்டிய ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இஞ்சின் ஓடும் வேகம், ஒரு கட்டத்தில் பெரும்பாலும் 1600-க்குக் கீழே இறங்க மறுத்தது. குளிர்ந்த இஞ்சின் தொடக்கத்தில் 1300 வரை ஓடுவது இயல்புதான் என்பதால், முதல் சில வாரங்கள் நான் இதைப் பொருட்படுத்தவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பின்னும் வண்டி முன்னால் தள்ளுவதும், கியர் மாற்றும்போது இஞ்சின் உறுமுவதும் வழக்கமான பிறகே இது பழுது என்று உணர்ந்தேன்.

முதலில் பார்த்த மெக்கானிக் திராட்டில் பாடியின் மேலிருந்த ஐடில் ஸ்க்ரூவை முழுவதுமாக உள்ளே திருகிவிட்டார். ஆர்பிஎம் 1200-க்கு இறங்கியது. எனக்கும் அப்போது நிம்மதியாகவே இருந்தது. அடுத்த மாதமே அது பழைய இடத்துக்கு ஏறிவிட்டது. அந்த ஸ்க்ரூ, திராட்டில் மூடியிருக்கும்போது இஞ்சினுக்குப் போகும் காற்றின் ஒரு சிறு பங்கை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. வேறோர் இடத்தில் காற்று புகுந்துகொண்டிருந்தால், ஸ்க்ரூவை மூடுவது அந்தப் பழுதை மறைக்குமே தவிரத் தீர்க்காது. ஐடிலிங் ஏறியிருக்கிறது என்றாலே தேவைக்கு மேல் காற்று உள்ளே போகிறது என்றுதான் பொருள். அது எந்த வழியாகப் போகிறது என்பதுதான் கேள்வி. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயின.

எளியவற்றிலிருந்து தொடங்கினேன். ஆக்சிலரேட்டர் கேபிளில் சிறிது தொய்வு இருந்தது. திராட்டில் தகடு முழுமையாக மூடியது. ஐடிலிங் காற்றைக் கட்டுப்படுத்தும் ஐஏசி வால்வைக் கழற்றியபோது அதன் முனையில் கார்பன் தடிமனாகப் படிந்திருந்தது. சுத்தம் செய்து பொருத்தியதும் ஆர்பிஎம்மில் ஏறத்தாழ நூறு குறைந்தது, அவ்வளவே. கூலன்ட் வெப்ப சென்சார் பழுதானால், இஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாக எண்ணி, வண்டியின் கணினி ஐடிலிங்கை உயர்த்தியே வைத்திருக்கும் என்பதால் அதையும் மல்ட்டிமீட்டரில் அளந்தேன். குளிர்ந்த நிலையில் சுமார் 2500 ஓம், சூடேறிய நிலையில் சுமார் 300 ஓம் காட்டியது, சென்சாரில் குறையில்லை. அளக்காமல் புதிது வாங்கியிருந்தால் பணம்தான் வீணாகியிருக்கும்.

இதற்கிடையே வண்டி தெளிவாகவே ஒரு குறிப்பைக் காட்டிக்கொண்டிருந்தது. சில நேரங்களில் ஆர்பிஎம் 1900 வரை ஏறி, சட்டென 1300-க்கு விழுந்து, மீண்டும் ஏறும். திராட்டில் மூடியிருப்பதாக அதன் சென்சார் சொல்ல, ஆர்பிஎம் மட்டும் உயர்ந்திருந்தால், வண்டி இறக்கத்தில் உருள்வதாகக் கணினி கருதி எரிபொருளை நிறுத்துகிறது. ஆர்பிஎம் விழுந்ததும் மீண்டும் தருகிறது. எம்ஏபி சென்சார் உள்ள வண்டியில், கசிவால் புகும் காற்றுக்கும் சேர்த்தே எரிபொருள் தெளிக்கப்படுவதால், இஞ்சின் திணறுவதில்லை, வேகமாக ஓடுகிறது.

முடிவைத் தந்தது ஒரு சிறிய சோதனை. ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, இஞ்சின் ஓடும்போது திராட்டில் வாயை ரப்பர் ஒட்டிய தட்டையான பலகையால் மூடினேன். என் வண்டியில் ஐஏசி வால்வுக்கும் ஐடில் ஸ்க்ரூவுக்கும் போகும் துளைகள் அந்த வாய்க்குள்ளேயே இருப்பதால், காற்று வேறு வழியின்றி இஞ்சின் அணைய வேண்டும். அது அணையவில்லை, குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. மேனிஃபோல்டின் பின்புறத்திலிருந்து மெல்லிய சீறல் கேட்டது. அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

பலகையை எடுத்துவிட்டு, முனையில் துணி சுற்றிய பிளையரால், மேனிஃபோல்டின் உறிஞ்சலோடு இணைந்த ஒவ்வொரு வாக்குவம் ஹோஸாக நசுக்கிப் பார்த்தேன். பிரேக் பூஸ்டர் ஹோஸை நசுக்கியபோது மாற்றமில்லை. இஞ்சினுக்குள் சேரும் எண்ணெய் ஆவியை மேனிஃபோல்டுக்கு அனுப்பும் பிசிவி வால்விலிருந்து வரும் ஹோஸை மேனிஃபோல்டுக்கு அருகில் நசுக்கியதும் ஆர்பிஎம் 1600-லிருந்து 900-க்கு இறங்கியது. நல்ல நிலையிலுள்ள வண்டியிலும் இந்த ஹோஸை நசுக்கினால் ஆர்பிஎம் சற்று இறங்கும். ஆனால் 700 இறங்குவது இயல்பல்ல. ஹோஸைக் கழற்றிக் கையில் எடுத்தபோது மேற்பரப்பில் குறையே தெரியவில்லை. வளைவின் அடிப்பக்கத்தை மடக்கிப் பார்த்தபோதுதான் ரப்பர் விறைத்து, விரல் நகம் நுழையும் அளவுக்கு நீளவாக்கில் வாய் பிளந்தது. பலர் கிளீனர் திரவத்தை ஹோஸ்கள் மீது தெளித்துக் கசிவைத் தேடுகிறார்கள். சூடான எக்ஸாஸ்டுக்கு அருகில் அது தீப்பற்றும் என்பதால் நான் அதை விரும்புவதில்லை.

புதிய ஹோஸ் வாங்கும்போது எண்ணெய் ஆவியைத் தாங்கும் வகையையே கேட்டு வாங்கினேன். கூலன்ட் ஹோஸ் துண்டைப் பொருத்தினால் அது எண்ணெய் பட்டு ஊறி, உறிஞ்சலில் அதன் உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஆயினும் வேலை முடியவில்லை. கசிவு அடைபட்டதும், பிரேக் பிடித்து நிற்கும் வேளைகளில் இஞ்சின் அணையத் தொடங்கியது. முன்பு முழுவதும் மூடப்பட்ட ஸ்க்ரூவின் விளைவு இது. சர்வீஸ் மேனுவலில் சொல்லியபடி, இஞ்சினைச் சூடேற்றி, ஐஏசி வால்வின் இணைப்பைக் கழற்றி, அடிப்படை ஆர்பிஎம் அதில் குறிப்பிட்ட அளவுக்கு வரும் வரை ஸ்க்ரூவைத் திறந்தேன். பிறகு இணைப்பை மாட்டி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைச் சிறிது நேரம் கழற்றி வைத்து, கணினி பழைய கணக்கை மறக்கச் செய்தேன். ஹோஸை மாற்ற அரை மணி நேரம்தான் ஆனது. ஸ்க்ரூவைச் சரியான இடத்துக்குக் கொண்டுவர ஒரு முழு மாலை தேவைப்பட்டது.

இவையெல்லாம் முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சூடேறிய பின் முள் 800-க்கு அருகில் நிற்கிறது. ஏசி போட்டால் சற்று ஏறி நிலைபெறுகிறது. இறக்கத்தில் காலை எடுத்தால் இஞ்சினே வேகத்தைக் குறைக்கும் இஞ்சின் பிரேக் மீண்டும் கிடைக்கிறது. ஆயில் மாற்றும்போதெல்லாம் அந்த ஹோஸின் அடிப்பக்கத்தை மடக்கிப் பார்க்கிறேன், இதுவரை பிளவில்லை. சென்ற முறை பிரேக் பூஸ்டர் ஹோஸ் சற்று விறைத்திருப்பது கைக்குத் தெரிந்தது. அடுத்த சர்வீஸில் அதை மாற்றவிருக்கிறேன்.