பாஸ் பிடிக்க பெடல் கயாக்: சீசன் முழுக்க ஓட்டிப் பாத்த ரிவ்யூ

முடிவ மொதல்லயே சொல்லிடறேன், நேரம் இருக்கிறவங்க மீதிய படிச்சுக்கோங்க. நீங்க போற ஏரி கொஞ்சம் பெருசு, காத்து அடிக்கும், தண்ணி ஓரளவுக்கு ஆழம்னா இந்த ப்ரொபெல்லர் வச்ச பெடல் கயாக்க, அதாவது காலால மிதிச்சு ஓட்டுற சின்ன படகை, தாராளமா வாங்கலாம். ஏரி சின்னது, பாதி எடத்துல முழங்கால் ஆழம், எங்க பாத்தாலும் பாசியும் அல்லி இலையும்னா பெடலுக்கு குடுக்குற காசு தண்டம், நல்ல சீட் இருக்கிற சாதா துடுப்பு கயாக் எடுத்துட்டு மிச்ச காசுல உருப்படியா ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்குங்க. கடையில கேட்டா எல்லா ஏரிக்கும் பெடல் தான் பெஸ்ட்டுன்னு தான் சொல்லுவாங்க, அது பாதி தான் உண்மை.

கம்பெனி பேரு போடல, ஏன்னா கிட்டத்தட்ட இதே டிசைன்ல நெறைய பேர் விக்கிறாங்க, நான் சொல்றது பெரும்பாலும் எல்லாத்துக்கும் பொருந்தும். என்கிட்ட இருக்கிறது 12 அடி நீளம், 34 இன்ச் அகலம், உள்ள எறங்கி உக்காராம மேல உக்கார்ற டைப், அச்சுல உருக்கி சுத்தி வார்த்த பாலிஎதிலீன் பிளாஸ்டிக் ஹல் (படகோட உடம்பு). உக்கார்ற எடத்துல தண்ணி ஏறினாலும் அடியில இருக்கிற ஸ்கப்பர் ஓட்டை வழியா தானா வெளிய போயிடும். கயாக் மட்டுமே 40 கிலோ பக்கம் வரும், அதுக்கு மேல பெடல் யூனிட், சீட்டு, பேட்டரி, மீன் சாமான் எல்லாம் ஏத்தினா ஒரு ஆளா தூக்குறது நடக்காத காரியம். சக்கரம் வச்ச கார்ட் இல்லாம இத வாங்கவே வாங்காதீங்க.

சரி, பெடலுக்கு வருவோம், ஏன்னா காசே அதுக்கு தான். நெறைய பேர் வேகமா போகத்தான் பெடல்னு நெனைக்கிறாங்க, வேகம் பெரிய விஷயமே இல்ல, சும்மா மிதிச்சா மணிக்கு 5 கிலோமீட்டர் போகும், துடுப்புலயும் கிட்டத்தட்ட அதே வேகம் வரும், என்ன தோள்பட்ட வலிக்கும் அவ்ளோ தான். பெடலோட அசல் லாபம் ரெண்டு கையும் சும்மா இருக்கிறது. பாஸ்ங்கிற ஏரி மீன பிடிக்கிறவங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு துடுப்பு கயாக்ல காத்துல மாட்டினவங்களுக்கு தான் புரியும். லூர, அதாவது பொய் இரைய, வீசுவீங்க, அது கீழ எறங்கறதுக்குள்ள காத்து கயாக்க திருப்பி விட்டுடும், தூண்டில் ராட கீழ வச்சுட்டு துடுப்ப எடுத்து ரெண்டு இழு இழுக்கிறதுக்குள்ள லைன் தொய்ஞ்சு போயிருக்கும், சரியா அந்த நேரத்துல தான் மீன் கடிச்சிட்டு துப்பிட்டு போகும். பெரிய வாய் பாஸ் மெதுவா ஓட்டுற பிளாஸ்டிக் புழுவ வாய்ல வாங்கறது பல தடவ கைக்கு ஒரு சின்ன தட்டல் மாதிரி தான் தெரியும், சில நேரம் லைன் சும்மா பக்கவாட்டுல நகரும், அவ்ளோ தான். லைன் தொய்ஞ்சிருந்தா அதெல்லாம் தெரியவே தெரியாது. பெடல்ல கயாக் மூக்க காத்துக்கு எதிரா வச்சு மெல்ல மிதிச்சுக்கிட்டே இருந்தா ஒரே எடத்துல நிக்கலாம், லைன் விறைப்பா இருக்கும், கண்ணு லைன் மேலயே இருக்கும்.

அதவிட எனக்கு புடிச்சது ரிவர்ஸ். ப்ரொபெல்லர் டைப்ல பின்னாடி மிதிச்சா உடனே பின்னாடி போகும், எந்த லீவரும் இழுக்க வேணாம். தண்ணியில விழுந்து கெடக்கிற மரத்துக்குள்ள வீசி ஒரு நல்ல சைஸ் பாஸ் மாட்டினா அது நேரா கிளைக்குள்ள தான் ஓடும், கயாக் லேசு, அதனால மீன் வராது, மீன் இருக்கிற பக்கம் நீங்க தான் போவீங்க. அந்த நொடியில ரெண்டு கையிலயும் ராட புடிச்சுக்கிட்டு பின்னாடி மிதிச்சா மீன வெளிய இழுத்துட்டு வந்துடலாம். துடுப்புல இத பண்ண முடியாது, முயற்சி பண்றதும் வேஸ்ட்.

இப்ப பாசி. பாஸ் எங்க இருக்கும்? பாசி ஓரத்துல, அல்லி இலைக்கு அடியில, படகு கட்டுற டாக் நிழல்ல, மூழ்கின மரத்துக்கிட்ட. ஒளிஞ்சிருந்து பாஞ்சு அடிக்கிற மீன் அது. வசந்த காலத்துல தண்ணி 15 லேருந்து 20 டிகிரி செல்சியஸ் பக்கம் வந்தா முட்டை போட ஓரத்துக்கே வந்துடும், ஆண் மீன் முட்டை இருக்கிற கூட்டை காவல் காத்துக்கிட்டு நிக்கும். அதாவது மீன் இருக்கிற எடம் பூராவும் ப்ரொபெல்லருக்கு ஆகாத எடம். இந்த பெடல் யூனிட் ஹல்லுக்கு கீழ ஒரு முழம் எறங்கி நிக்குது, அதனால ரெண்டு அடிக்கு குறைவான தண்ணின்னா எனக்கு பயமா தான் இருக்கும், எங்கயாவது கல்லுல இடிச்சா ஷாஃப்ட் வளையும். நீளமான பாசின்னா சும்மா தலைமுடி மாதிரி ப்ளேடுல சுத்திக்கும், மிதி கனமாகும், யூனிட்ட மேல தூக்கி பாசிய பிச்சு எறிஞ்சுட்டு மறுபடி எறக்கணும், பத்து மீட்டர் போனா திரும்ப அதே கதை. இந்த சத்தத்துக்கும் ஆட்டத்துக்கும் அந்த எடத்துல இருந்த பாஸ் எல்லாம் எப்பவோ எடத்த காலி பண்ணியிருக்கும். கயாக்ல போறதே சத்தம் இல்லாம கிட்ட போகத்தானே.

ப்ரொபெல்லர் இல்லாம தகடு ஆடித் தள்ளுற பெடல் இன்னொரு வகை, ஹோபி கம்பெனி 1997ல கொண்டு வந்த மிராஜ் டிரைவ். மீனோட துடுப்பு மாதிரி ரெண்டு தகடு அடியில இப்படியும் அப்படியும் ஆடும், ஒரு கால முன்னாடி தள்ளி நிறுத்தினா தகடு ரெண்டும் ஹல்லோட ஒட்டிக்கும், அப்படியே பாசி மேல வழுக்கிட்டு போயிடலாம். ஆழம் கம்மியான ஏரிக்கு அது தான் பெட்டர்னு என் அபிப்பிராயம். ஆனா சைக்கிள் மாதிரி சுத்தி மிதிக்கிற சுகம் அதுல இல்ல, முன்னாடி தள்ளித் தள்ளி மிதிக்கணும், சிலருக்கு அது முட்டிக்கு ஒத்துக்கும் சிலருக்கு ஒத்துக்காது. ரெண்டையும் தண்ணியில ஓட்டிப் பாக்காம காசு குடுக்காதீங்க.

சீட்டு அருமை. வலைத்துணி போட்ட ஃப்ரேம் சீட், மேல கீழன்னு ரெண்டு உயரம், முதுகு வலி இல்ல, பின்பக்கம் நனையாது. மேல வச்சா பார்வை நல்லா எட்டும், காத்து இருந்தா கீழ வச்சுக்கணும், இல்லேன்னா ஆட்டம் ஜாஸ்தி. நின்னுக்கிட்டு வீசலாம்னு விளம்பரத்துல போட்டிருந்தாங்க, நிக்கலாம், பொய் இல்ல, ஆனா பெடல் யூனிட் நட்ட நடுவுல முட்டிக்கு முன்னாடி நிக்குது, கால் வைக்க எடம் ரெண்டு பக்கமும் குறுகல், திரும்ப முடியாது. நின்னு தான் மீன் பிடிப்பேன்னு சொல்றவங்க 36 இன்ச்சுக்கு மேல அகலம் பாருங்க, அகலம் கூடினா வேகம் கொறையும், அத ஏத்துக்கணும். நடுவுல பெடல் இருக்கிறதால மீன் அளக்கிற பலகைய வைக்கவும் எடம் இல்ல, மடியில வச்சு தான் அளக்கணும். கயாக் போட்டிங்கள்ல எடை பாக்க மாட்டாங்க, பலகையில வச்சு நீளத்த போட்டோ எடுத்துட்டு மீன விட்டுடணும், அதனால போட்டி ஆசை இருக்கிறவங்க இத யோசிச்சுக்கோங்க, துள்ளுற பாஸ மடியில வச்சு வாய மூடி வால சேத்து ஒத்த கையில போன புடிச்சு போட்டோ எடுக்கிறது தனி சர்க்கஸ்.

குறைகள இங்கயே கொட்டிடறேன். கயாக்க திருப்புற ரட்டரோட (சுக்கான்) கம்பி கொஞ்ச நாள்லயே தொய்ஞ்சு போச்சு, இடது கை பக்கம் இருக்கிற லீவர திருப்பினா கயாக் யோசிச்சுட்டு தான் திரும்புது, நானே டைட் பண்ணிக்கிட்டேன். முன்னாடி மூடி தண்ணி புகாதுன்னு எழுதியிருக்கு, புகுது, அதனால உள்ள வைக்கிறதெல்லாம் தண்ணி புகாத டிரை பேக்ல தான். சீட்டுக்கு பின்னாடி ராட் செருகுற ஓட்டை ரெண்டும் ரொம்ப உள்ள தள்ளி இருக்கு, வீசுறப்ப பின்னாடி நிக்கிற ராட்ல கண்டிப்பா இடிக்கும், ஒரு பிளாஸ்டிக் கூடைய பின்னாடி கட்டி அதுல ராட சாய்ச்சு வைக்கிறது தான் நல்லது. பெடல் யூனிட்ல ஒரு சீல் ஒழுகுதுன்னு வாரண்டில கேட்டதுக்கு போட்டோ அனுப்பு, வீடியோ அனுப்பு, மறுபடி போட்டோ அனுப்புன்னு இழுத்தடிச்சு சீசனே முடியப்போற நேரத்துல தான் பார்ட் வந்துச்சு. வந்தது சரியான பார்ட், அத மட்டும் சொல்லணும்.

வாங்கினதும் கூட சேக்க வேண்டியதுல எனக்கு முக்கியமா படுறது ஆங்கர் ட்ராலி. பக்கவாட்டுல ரெண்டு கப்பி வச்சு ஓடுற கயிறு, அவ்ளோ தான், ஆனா நங்கூரத்த மூக்குக்கோ வாலுக்கோ நகத்திக்கலாம். சிலர் உக்கார்ந்த எடத்துல பக்கவாட்டுலயே கட்டிடறாங்க, காத்தும் அலையும் சேர்ந்து வந்தா கயாக் அப்படியே சாஞ்சிடும், ப்ளீஸ் அத பண்ணாதீங்க. தண்ணிக்கு அடியில இருக்கிறத காட்டுற ஃபிஷ் ஃபைண்டருக்கு 5 இன்ச் ஸ்கிரீனே போதும், 12 வோல்ட்டுல ஒரு 10 ஆம்ப் ஹவர் லித்தியம் பேட்டரி இருந்தா சாதாரணமா காலைலேருந்து மதியம் வரைக்கும் தாராளமா வரும். எல்லாரும் அதுல மீன் தேடுறாங்க, நான் ஆழம் எங்க சட்டுனு எறங்குது, பாசி எங்க முடியுதுன்னு தான் பாப்பேன், ப்ரொபெல்லரும் தப்பிக்கும், பாஸும் அந்த ஓரத்துல தான் நிக்கும்.

ராடு பத்தி ஒரு வார்த்த. மீன் கடிச்சதும் உக்காந்துக்கிட்டு ராட தலைக்கு மேல தூக்கி கொக்கிய குத்துற பழக்கம் கயாக்ல வேணாம், பேலன்ஸ் போகும், பக்கவாட்டுல இழுத்து குத்துங்க. நீளமான கைப்பிடி ராடு லைஃப் ஜாக்கெட்ல சிக்கும், அதனால கைப்பிடி குட்டையா இருக்கிற ஆறரை ஏழு அடி ராடு வசதி. மூணு முனை கொக்கி வச்ச லூர் எனக்கு கயாக்ல புடிக்கவே புடிக்காது, மீன் பக்கத்துல வந்து தலைய ஆட்டினா அந்த கொக்கி எங்க வந்து குத்தும்னு யாருக்கும் தெரியாது. டெக்சாஸ் ரிக்ல (கொக்கி முனைய புழுவுக்குள்ள மறைச்சு கட்டுறது) பிளாஸ்டிக் புழு, பாசி மேல ரப்பர் தவளை, தெளிஞ்ச ஓரத்துல ஸ்பின்னர்பெயிட் (சுத்துற தகடு வச்ச லூர்), இது மூணும் இருந்தா எனக்கு போதும். இடுக்கி, மீன் வலை எல்லாத்தையும் கயிறு போட்டு கட்டிடுங்க, அத விட முக்கியம் எதையும் ஹல்லுக்குள்ள பொத்துனு போடாதீங்க, வெறும் பிளாஸ்டிக் டப்பா தானே, அந்த சத்தம் தண்ணிக்குள்ள நல்லா கேக்கும்.

பெடல் கயாக் கவுந்தா என்ன ஆகும்னு கடையில யாரும் சொல்றதில்ல. பெடல் யூனிட் எடை ஒரு பக்கம், அகலமான ஹல் இன்னொரு பக்கம், திருப்பிப் போடவே தம் கட்டணும், திருப்பின பிறகு ஏறலாம்னு பாத்தா நடுவுல பெடல் நிக்குது, வயித்துல இடிக்கும். அதனால சீட்டுக்கு நேரா வயித்த வச்சு எக்கி, கால தண்ணியில உதைச்சு படுத்தபடியே ஏறி, அப்புறம் திரும்பி உக்காரணும். வெதுவெதுப்பான தண்ணியில, ஆழம் கம்மியான எடத்துல, கூட ஒரு ஆள வச்சுக்கிட்டு இத பழகுங்க, அப்புறம் போங்க நடு ஏரிக்கு. லைஃப் ஜாக்கெட் முதுகு பக்கம் உயரமா இருக்கிறத வாங்கினா சீட்டுல முட்டாது, முட்டலேன்னா கழட்டி வைக்கணும்னு தோணாது. தண்ணி 15 டிகிரிக்கு கீழ இருந்தா வெளிய வெயில் சுள்ளுனு அடிச்சாலும் தண்ணிக்கு ஏத்த டிரஸ் தான் போடணும், சில்லுனு விழுந்த அதிர்ச்சியில மூச்சு தானா உள்ள இழுக்கும், அந்த நேரத்துல வாய் தண்ணிக்குள்ள இருந்தா முடிஞ்சுது.

ஒரு ஏரியிலேருந்து இன்னொரு ஏரிக்கு போறவங்க பெடல் உக்கார்ற குழிய நல்லா பாருங்க. அங்க தண்ணியும் பாசித் துண்டும் எப்பவும் தங்கும், வேற ஏரி செடியும் சிப்பியும் இந்த வழியா தான் பரவுது. கழுவி, தண்ணிய வடிச்சு, காய விட்டுட்டு தான் அடுத்த ஏரி. துடுப்பு கயாக்ல இந்த வேலை பாதி கூட இல்ல.

ஆழமான, காத்தடிக்கிற ஏரிக்கு 5க்கு நாலரை குடுப்பேன், பாசி ஏரிக்கு ரெண்டுக்கு மேல மனசு வரல. செகண்ட் ஹேண்ட்ல பாக்குறீங்கன்னா பெடல கையால சுத்தி ஷாஃப்ட் ஆடுதான்னு பாருங்க, சுத்துறப்ப கரகரன்னு சத்தம் வந்தா வேணாம். கயாக்க குப்புற போட்டு ஸ்கப்பர் ஓட்டையோட விளிம்புல விரல் விட்டு விரிசல் இருக்கான்னு தடவிப் பாருங்க, கார்ட்ட அந்த ஓட்டையில செருகி இழுத்து இழுத்து அங்க தான் மொதல்ல ஒடையும், வெயில்ல போட்டு வச்ச கயாக்னா இன்னும் சீக்கிரம். விரிசல ஒட்டி வச்சிருக்கேன்னு சொன்னா வெலைய கொறைக்க சொல்லாதீங்க, வேற கயாக் பாருங்க, பாலிஎதிலீன்ல ஒட்டு லேசுல நிக்காது.