வளர்ச்சி ஹார்மோன் ஊசியா, கிரியேட்டின் பொடியா?

ஜிம்முக்குப் போகும் பலரும் ஒரு கட்டத்தில் கேட்பதுதான். (கிரியேட்டின், தசைக்குச் சக்தி தர உடலிலேயே உள்ள ஒரு பொருள்.)

செலவு: ஊசிக்கு மாதம் பல ஆயிரம், ஃப்ரிட்ஜும் வேண்டும். பொடி தினம் 3 முதல் 5 கிராம் போதும்.

பலன்: ஊசி போட்டால் கொழுப்பு குறையும், சதை எடை கூடும். ஆனால் அதில் கணிசமான பங்கு தேங்கிய நீர். பலம் கூடியதாக ஆய்வுகளில் தெளிவாகத் தெரியவில்லை. பொடியும் நீரைச் சேர்க்கும்தான், ஆனால் எட்டோடு நின்றவர் ஒன்பதாவது முறையும் பளு தூக்கிவிடலாம்.

தொல்லை: ஊசியில் மோதிரம் கழற்ற முடியாத வீக்கம், மூட்டுவலி, மரத்துப்போகும் விரல்கள், ஏறும் சர்க்கரை. பொடியில் சிலருக்கு வயிறு உப்பும்.

போட்டி: ஊசி, உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் (WADA) தடைப்பட்டியலில் உண்டு. பொடி இல்லை.

ஹார்மோன் குறைபாடு உறுதியானவருக்கு, டாக்டர் எழுதித்தந்தால் ஊசி. ஜிம்முக்குப் பொடியே போதும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.