சுபாங் வெயிலில் பழக செஸ்னாவா, பைப்பரா?

பிபிஎல் எனும் தனியார் விமானி உரிமத்துக்குப் பயிற்சி தொடங்கும் கோலாலம்பூர்ப் பிள்ளைகள் பலருக்கும் இந்தக் கேள்வி வரும்: இறக்கை மேலே உள்ள செஸ்னா 172-இல் பழகுவதா, கீழே உள்ள பைப்பர் வாரியரிலா? மணிக்கு எவ்வளவு கட்டணம் என்று மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தரையிறங்கும் கடைசி நொடிகளில் இரண்டும் வேறு வேறு பாடம் நடத்துகின்றன.

இறக்கை தரையை நெருங்க நெருங்க, அதன் நுனியில் சுழலும் காற்றுக்கு இடம் போதாமல் போகிறது. இறக்கை விமானத்தைத் தூக்கும்போது கூடவே உண்டாகும் தூண்டல் இழுவை குறைகிறது. இறக்கை நீளத்தில் கால் பங்கு உயரத்தில் இந்த இழுவை சுமார் 24 விழுக்காடு குறையும். பத்தில் ஒரு பங்கு உயரத்தில் சுமார் 48 விழுக்காடு! இரண்டு விமானத்துக்கும் இறக்கை நீளம் 11 மீட்டரை ஒட்டித்தான். ஆனால் சக்கரம் தரையைத் தொடும்போது செஸ்னாவின் இறக்கை ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும், வாரியரின் இறக்கை இடுப்பளவில்தான் இருக்கும்.

அதனால் வாரியரில் பத்து நாட் (மணிக்குச் சுமார் 18.5 கி.மீ.) கூடுதல் வேகத்தோடு வந்தால், மூக்கைத் தூக்கிப் பிடித்த பிறகும் அது இறங்காமல் மிதந்துகொண்டே போகும். செஸ்னாவும் மிதக்கும், ஆனால் சீக்கிரம் அமர்ந்துவிடும். கோலாலம்பூரை ஒட்டிய சுபாங் விமான நிலையத்தின் ஓடுபாதை 3,780 மீட்டர் நீளம் என்பதால் அங்கே மிதந்தது ஒரு தவறாகவே தோன்றாது. சின்ன ஓடுபாதையில்தான் அதன் விலை தெரியும். அப்போது மூக்கை அழுத்தித் தரையில் வைக்கப் பார்க்காதீர்கள். முன்சக்கரம் முதலில் பட்டுத் துள்ளும். த்ராட்டிலை முழுக்கத் திறந்து, மறுபடி சுற்றி வாருங்கள்.

வெயில் இரண்டுக்கும் பொதுவான எதிரி. சுபாங் கடல்மட்டத்திலிருந்து நூறு அடிகூட இல்லை. ஆனாலும் 32 பாகை வெப்பத்தில் காற்று சுமார் 2,000 அடி உயரத்தில் இருப்பதுபோல் மெலிந்துவிடும். எஞ்சின் பலமும் புரொப்பெல்லரின் இழுப்பும் குறையும், மேலெழும் ஓட்டம் நீளும். நம் ஊர் ஈரக்காற்று இதை இன்னும் கொஞ்சம் மோசமாக்கும்.

அதே ஈரத்தால் வாரியருக்குத் தனியாக ஒரு தொல்லை உண்டு. அதன் எஞ்சினில் கார்புரேட்டர் இருக்கிறது. வெளியே 30 பாகை கொதித்தாலும், பவரைக் குறைத்து இறங்கும்போது உள்ளே பனி கட்டலாம். கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப் ஹீட்டைப் போட மறக்கக் கூடாது. புதிய 172எஸ் வகையில் எரிபொருள் நேரடியாகச் செலுத்தப்படுவதால் இந்தக் கவலை இல்லை. எந்தத் தொட்டியிலிருந்து எரிபொருள் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டரிலும் செஸ்னாவுக்கு 'இரண்டும்' என்ற நிலை உண்டு. வாரியரில் இடது, வலது என்று நீங்கள்தான் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

பார்வையில் இரண்டும் சரிசமம். செஸ்னா திரும்பும்போது தாழும் இறக்கை ஓடுபாதையை மறைக்கும்; வாரியர் நேராகப் பறக்கும்போது கீழே இருப்பதை மறைக்கும்.

என் தேர்வு வாரியர். வேகத்தைக் கவனிக்காதவர்களை அது சும்மா விடாது, தொடக்கத்திலேயே அந்தக் கண்டிப்பு வேண்டும். உங்கள் பள்ளியில் செஸ்னா மட்டும்தான் என்றால், தனியாகப் பறக்கும் முன், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் பலகை) இல்லாத தரையிறக்கத்தைப் பல முறை பழக்கித் தரச் சொல்லி உங்கள் பயிற்றுநரிடம் கேளுங்கள். ஃபிளாப் இல்லாத செஸ்னாவும் நன்றாக மிதக்கும்.