டர்பன் வெக்கையில் சிம்பை, மேக்ஸிமா, பாரி: ஆறு வருடப் பயன்பாட்டுக் குறிப்பு

எண்ணைப் போடாமல் எழுத்துகளை வைத்தே கணக்குப் போடும் குறியீட்டுக் கணித மென்பொருள்களில், காசு கொடுத்து வாங்கும் மேத்தமேட்டிகாவும் மேப்பிளும் நல்ல கருவிகள்தான். பல்கலைக்கழக லேபில் உட்கார்ந்திருக்கும்வரை அவற்றோடு சண்டையில்லை. படிப்பை முடித்து வெளியே வந்து, டாலர் விலையைத் தென்னாப்பிரிக்க ராண்டில் பெருக்கிப் பார்க்கும்போதுதான் அதே வேலைக்கான இலவச மென்பொருள்களான சிம்பை, மேக்ஸிமா, பாரி, சேஜ் பக்கம் ஆட்கள் வருகிறார்கள். வந்த ஒரு மாதத்தில் எல்லோர் வாயிலும் ஒரே புகார்: மெதுவாக ஓடுகிறது. இந்தக் குறிப்பு அந்தப் புகாரைப் பற்றியது. எட்டு கோர், 16 ஜிபி ரேம் உள்ள சாதாரண மேசைக் கணினியிலும், அதைவிடச் சுமாரான லேப்டாப்பிலும் இவற்றை ஓட்டிய அனுபவத்திலிருந்து எழுதுகிறோம்.

மெதுவாக ஓடும் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று சிக்கும். கணிதக் கோவை தப்பான உருவத்தில் கிடக்கும்; அல்லது எண்ணாக மாற வேண்டிய இடம் தாண்டியும் குறியீடாகவே இழுபடும். புதுச் செயலி (ப்ராசஸர்) இரண்டில் எதையும் சரிசெய்யாது.

முதலாவதற்குப் பாடநூல்களில் வரும் பழைய உதாரணம் ஒன்று போதும். ய⁸ + ய⁶ − 3ய⁴ − 3ய³ + 8ய² + 2ய − 5 ஒரு பல்லுறுப்புக்கோவை, 3ய⁶ + 5ய⁴ − 4ய² − 9ய + 21 இன்னொன்று. இரண்டுக்கும் மீப்பெரு பொது வகுத்தி என்ன? பள்ளியில் படித்த யூக்ளிட் முறையில் பின்னங்களோடு வகுத்துக்கொண்டே போனால் முதல் மீதி −5/9 ய⁴ + 1/9 ய² − 1/3. அடுத்தது −117/25 ய² − 9ய + 441/25. அதற்கடுத்தது 233150/19773 ய − 102500/6591. கடைசியில் நிற்பது −1288744821/543589225. இத்தனை பாடும் பட்டுக் கிடைத்த விடை 1. பொது வகுத்தியே கிடையாது. தொடக்கத்திலும் முடிவிலும் சின்ன எண்கள், நடுவில் மட்டும் பூதம். இடைக்கோவை வீக்கம் என்பது இதுதான்.

இதே கணக்கை 13-இன் மீதியில் போடுங்கள், அதாவது ஒவ்வொரு கெழுவையும் 13-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மீதிகள் 11ய⁴ + 3ய² + 4, பிறகு 4ய + 1, பிறகு 12. எந்தக் கெழுவும் 12-ஐத் தாண்டவில்லை. தலைக் கெழுக்கள் 1, 3 இரண்டும் 13-ஆல் வகுபடாதவை. ஆகவே 13-இன் மீதியில் பொது வகுத்தி இல்லையென்றால் முழுஎண்களிலும் இல்லை. மென்பொருள்கள் உள்ளே செய்வதும் இதன் விரிவுதான்: பல பகா எண்களில் தனித்தனியே கணக்கிட்டு, சீன மீதித் தேற்றத்தால் ஒட்டுவது. ஆனால் அந்த வழி திறக்க, கொடுக்கிற பொருள் பல்லுறுப்புக்கோவை என்று மென்பொருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொதுக் குறியீட்டு மரமாக, அதாவது எந்த வகைக் கோவை என்று சொல்லாமல் குறிகளும் மாறிகளும் கிளைவிட்ட அமைப்பாகக் கொடுத்தால் அதற்கு அது தெரியாது.

சேஜில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மாறியைக் குறியீட்டு வளையத்தில் (எந்தக் கோவையும் நுழையலாம் என்ற பொது இடத்தில்) வைத்துப் பெருக்குவது ஒரு வேகம். விகிதமுறு எண்கள் மேல் பல்லுறுப்புக்கோவை வளையம் ஒன்றை அறிவித்து அதற்குள் பெருக்குவது வேறு வேகம். பின்னதில் வேலை ஃபிளிண்ட், சிங்குலர் போன்ற சி, சி பிளஸ் பிளஸ் லைப்ரரிகளுக்குப் போய்விடுகிறது. சிம்பையில் இதற்கு இணை, கோவையை 'பாலி' ஆக்குவது. அணியானால் 'டொமைன்மேட்ரிக்ஸ்' ஆக்குவது. மேக்ஸிமாவில் 'ராட்' போட்டால் கோவை உள்ளே விகிதமுறு உருவத்துக்கு மாறும். விடை வரியில் இரு சாய்கோடுகளுக்கு நடுவே ஆர் என்று காட்டும். அந்த ஆர் நடுவில் காணாமல் போனால் ஏதோ ஒரு கட்டளை கோவையைப் பொது உருவத்துக்குத் திருப்பிவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு வேகம் குறைந்தால் வியப்பில்லை.

சைன், கொசைன் வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். ரோபோ கை, இரட்டை ஊசல் மாதிரிக் கணக்குகளில் எங்கும் அவைதான். சைனுக்கு ச, கொசைனுக்கு க என்று இரண்டு மாறி வையுங்கள். ச² + க² − 1 என்பதை வகுத்தியாகக் கொண்டு அவ்வப்போது மீதி எடுங்கள். முக்கோணவியல் கோவைகளைச் சுருக்கும் 'ட்ரிக்சிம்ப்' கட்டளை அரைமணி நேரம் மென்று துப்புவதைப் பல்லுறுப்புக்கோவை வகுத்தல் சத்தமில்லாமல் முடித்துவிடும்.

சிம்பை முழுக்கப் பைதானில் எழுதியது. அதனால் அடியில் எந்த முழுஎண் வகை ஓடுகிறது என்பது முக்கியம். பெரிய முழுஎண்களை வேகமாகக் கையாளும் ஜிஎம்பை2 லைப்ரரியை நிறுவியிருந்தால் சிம்பை தானாகவே அதை எடுத்துக்கொள்ளும். 1.13 பதிப்பிலிருந்து பைதான்-ஃபிளிண்டையும் (ஃபிளிண்டைப் பைதானிலிருந்து அழைக்கும் தொகுப்பு) பயன்படுத்தலாம். 'சிம்பை கிரவுண்ட் டைப்ஸ்' என்ற சூழல் மாறிக்கு ஃபிளிண்ட் என்று மதிப்புக் கொடுத்துவிட்டுப் பைதானைத் திறக்க வேண்டும். பெரிய கெழுக்கள் உள்ள பல்லுறுப்புக்கோவைகளில் நிரலில் ஒரு வரி மாற்றாமலே பலன் தெரியும். சிறிய கெழுக்களானால் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஏமாற வேண்டாம். சிம்பையின் வேலையைச் சி பிளஸ் பிளஸில் செய்யும் சிம்எஞ்சின் இன்னும் வேகம், ஆனால் சிம்பையில் இருக்கிற எல்லாச் செயல்பாடும் அதில் இல்லை. வகைக்கெழுவும் விரிவாக்கமும் லட்சக்கணக்கில் வேண்டும் என்றால் மட்டும் அது.

சிம்பையின் 'சிம்ப்ளிஃபை' கட்டளை பற்றி ஒரு வார்த்தை. அது பல உத்திகளை வரிசையாகப் போட்டுப் பார்த்து, சிறியதாகத் தோன்றுவதைத் தேர்ந்தெடுக்கும். உட்கார்ந்து கையால் கணக்குப் போடும்போது சரி. லூப்புக்குள் அதைப் போடுவது தற்கொலை. வேண்டியது பின்னத்தைச் சுருக்குவது என்றால் 'கேன்சல்', பின்னங்களை ஒரே பகுதிக்கு (கீழெண்ணுக்கு) கொண்டுவருவது என்றால் 'டுகெதர்', காரணிப்படுத்த 'ஃபேக்டர்'. எது வேண்டும் என்று தெரியாதவர்தான் சிம்ப்ளிஃபை போடுகிறார்.

தசமமும் ஒரு பொறி. பைதானில் 1/3 என்று அடித்த கணமே அது 0.333... என்ற மிதவைப் புள்ளி எண். அது ஒன்று பல்லுறுப்புக்கோவைக்குள் நுழைந்தால் சரியான எண்கணிதம் எல்லாம் போச்சு. பொது வகுத்தியும் காரணியும் அர்த்தமிழக்கும், நேரமும் கூடும். 'ரேஷனல்' என்று எழுதப் பழகிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வியாதி, எண்ணாக மாறத் தாமதிப்பது. கோவையைக் கண்டுபிடித்தாகிவிட்டது, இனி லட்சம் புள்ளிகளில் அதன் மதிப்பு வேண்டும். மாறிக்கு மதிப்பைப் பொருத்தும் 'சப்ஸ்' போட்டு, பிறகு எண்ணாக்கும் 'ஈவால்எஃப்' போட்டு, அதை லூப்பில் சுற்றுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது. ஒவ்வொரு சுற்றிலும் மரம் முழுவதும் புதிதாகக் கட்டப்படுகிறது. 'லாம்ப்டிஃபை' மூலம் நம்பை (பைதானின் எண்-அணி லைப்ரரி) செயல்பாடாக ஒருமுறை மாற்றி, புள்ளிகளை மொத்தமாக ஒரே அணியாகக் கொடுத்தால் நூறு மடங்கைத் தாண்டுவது சர்வ சாதாரணம். கோவை பெரிதானால் அதில் 'சிஎஸ்இ' விருப்பத்தையும் இயக்குங்கள். திரும்பத் திரும்ப வரும் உட்கோவைகளை ஒருமுறை மட்டும் கணக்கிடும். ஒரு சில புள்ளிகளில் 50 இலக்கத் துல்லியம்தான் தேவை என்றால் லாம்ப்டிஃபை வேண்டாம். ஈவால்எஃப்-க்குள்ளேயே மாறிகளின் மதிப்பைக் கொடுங்கள், தனியே சப்ஸ் போடாதீர்கள்.

ஆனால் வேகம் கிடைத்த மகிழ்ச்சியில் விடையைப் பார்க்காமல் விடக்கூடாது. (1 − கொசைன் ய)/ய² என்பதில் ய = 0.00000001 போடுங்கள். உண்மை மதிப்பு 0.5-ஐ ஒட்டி. கணினியின் வழக்கமான தசமக் கணக்கான இரட்டைத் துல்லியத்தில் வருவது சுத்தமான 0. கொசைன் மதிப்பு 1-லிருந்து விலகும் அளவு 5-க்கு முன் பதினாறு சுழியங்கள் கொண்ட தசமம். அது 1 என்றே வட்டமாகிவிடுகிறது, கழித்தால் ஒன்றும் மிஞ்சாது. குறியீட்டு நிலையிலேயே 2 சைன்²(ய/2)/ய² என்று மாற்றி எழுதிவிட்டு லாம்ப்டிஃபை செய்தால் சரியாக வரும். எண்ணுக்குப் போகும் முன் கோவையைத் திருத்துவதுதான் இந்த மென்பொருள்களின் உண்மையான பயன் என்பது எங்கள் எண்ணம்.

அணிக்கோவை, நேர்மாறு விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். எல்லா உறுப்பும் தனித்தனிக் குறியீடான 6×6 அணிக்கோவையை விரித்தால் 720 உறுப்புகள். 8×8 என்றால் 40,320. 10×10 என்றால் 36,28,800. இதைச் சாதாரணக் கணினியில் விரிப்பதில் பயனில்லை. இயக்கச் சமன்பாடுகளில் நிறை அணியின் நேர்மாறைக் குறியீட்டில் கேட்கவே வேண்டாம். அணியை லாம்ப்டிஃபை செய்து, ஒவ்வொரு நேரப்படியிலும் எண்ணாகத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

மேக்ஸிமாவின் தனிக் குணம் வேறு. அது லிஸ்ப் என்ற பழைய நிரல்மொழியின் மேல் ஓடுவது. அடியில் இருப்பது சிலிஸ்பா எஸ்பிசிஎல்லா (லிஸ்பை ஓட்டும் இரு மென்பொருள்கள்) என்பதைப் பொறுத்து வேகம் மாறும். எஸ்பிசிஎல் மேல் கட்டியதைத் தேர்ந்தெடுங்கள். நினைவகம் தீர்ந்தால் "ஹீப் எக்ஸாஸ்டட்" என்று சொல்லிவிட்டு லிஸ்பின் அடித்தளத்துக்குள் விழும், அமர்வு மொத்தமும் போய்விடும். தொடங்கும்போதே எக்ஸ் கொடிக்குள் (கட்டளை வரியில் -X என்ற விருப்பம்) 'டைனமிக் ஸ்பேஸ் சைஸ்' மதிப்பை மெகாபைட்டில் கூட்டிக் கொடுத்துவிடுவது நல்லது. அதைவிடச் சாமர்த்தியமாக நினைவகத்தைத் தின்பது விடை எண்கள். ஒவ்வொரு விடையையும் மேக்ஸிமா தன் பெயரிட்டு வைத்துக்கொண்டே இருக்கும், நீங்கள் மறந்துவிட்ட பிறகும். 'கில் லேபிள்ஸ்' அவ்வப்போது போட வேண்டும், அல்லது 'நோலேபிள்ஸ்' இயக்க வேண்டும். பெரிய கோவை வரும் வரியை அரைப்புள்ளியில் முடிக்காமல் டாலர் குறியில் முடியுங்கள். கணக்கு முடிந்தும் திரையில் வரைவதிலேயே மூச்சுத் திணறுவதை நிறையப் பார்க்கலாம்.

பாரியைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. 1985 முதல் போர்தோவில் வளர்ந்தது, எண்கோட்பாட்டில் மற்றவை அதன் அருகில் நிற்பது கடினம். வழக்கமான தடங்கல் ஸ்டேக் (பாரி கணக்குப் போடும் நினைவக இடம்) நிரம்பிவிட்டது என்ற செய்தி. தொடக்க அளவு 8 எம்பி மட்டுமே. 'பாரிசைஸ்மேக்ஸ்' மதிப்பை 4 ஜிபி என்று அமைப்புக் கோப்பில் எழுதிவிட்டால் தேவைப்படும்போது தானே வளரும். செயல்பாட்டுக்குள் மாறிகளை 'மை' போட்டு அறிவியுங்கள். மறந்தால் அவை பொது மாறிகள். 'பார்ஃபார்' போட்டுப் பல கோர்களில் இணையாக ஓட்டும் நாளில் அவை 'எக்ஸ்போர்ட்' ஆகவில்லை என்று நின்றுவிடும்.

பல பல்லுறுப்புக்கோவைச் சமன்பாடுகளை ஒன்றாகத் தீர்க்க உதவும் கிரோப்னர் அடிமானம் கணக்கிடுபவர்களுக்கு: அகராதி வரிசையில் நேராக இறங்காதீர்கள். உறுப்புகளின் படியை முதலில் பார்த்து அடுக்கும் டிக்ரெவ்லெக்ஸ் வரிசையில் கணக்கிட்டு, தீர்வுகள் முடிவுள்ள எண்ணிக்கை என்றால் எஃப்ஜிஎல்எம் என்ற வரிசைமாற்று முறையில் அகராதி வரிசைக்கு மாற்றுங்கள். அதற்கும் முன்பாக 32003 என்ற பகா எண்ணின் மீதியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். அங்கேயே முடியாத கணக்கு விகிதமுறு எண்களில் முடியப் போவதில்லை.

இணையாக ஓட்டுவதில் எல்லோருக்கும் ஆசை. குறியீட்டுக் கணக்கு பெரும்பாலும் ஒற்றைக் கோரில்தான் ஓடும். கேப் டவுனில் இருக்கும் லெங்காவ் போன்ற பெருங்கணினியில், ஒரு கணுவில் (அதன் ஒரு தனிக் கணினியில்) 24 கோர் இருந்தாலும், ஒரு சிம்பை வேலையை அப்படியே கொண்டுபோய்ப் போட்டால் 23 கோர் சும்மா நிற்கும். வேலையைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரிக்க முடிந்தால்தான் பலன். துண்டு சிறியதானால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதை. கோவையைப் பொதிந்து அடுத்த செயல்முறைக்கு அனுப்பும் நேரமே கணக்கை விழுங்கும். லாம்ப்டிஃபை தந்த செயல்பாட்டைப் பிக்கிள் (பைதான் பொருள்களைப் பொதிந்து சேமிக்கும் வசதி) பொதியாது. கோவையை அனுப்பி அங்கே போய் லாம்ப்டிஃபை செய்ய வேண்டும். எட்டுச் செயல்முறை திறந்தால் ஒவ்வொன்றிலும் நம்பை தன் பங்குக்கு எட்டு இழை (த்ரெட்) திறக்கும், 64 இழை எட்டு கோருக்கு அடித்துக்கொள்ளும். நம்பையின் அடியில் அணிக் கணக்குப் போடும் ஓப்பன்பிளாஸின் இழை எண்ணிக்கையை 1 என்று சூழல் மாறியில் கட்டிவையுங்கள்.

இனி நம் ஊர் விஷயம். 2024 மார்ச்சுக்குப் பிறகு லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) வெகுவாகக் குறைந்தது உண்மைதான். ஆனாலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் கோளாறு என்று மின்சாரம் போவது நிற்கவில்லை. பத்து மணி நேரக் கணக்கை இடைச்சேமிப்பு இல்லாமல் ஓடவிடுவது சூதாட்டம். சிம்பையில் ஒவ்வொரு கட்ட முடிவிலும் பிக்கிள். பதிப்பு மாறினால் அது திறக்காமல் போகலாம் என்பதால் 'எஸ்ரெப்ர்' உரையாகவும் ஒரு பிரதி. மேக்ஸிமாவில் 'சேவ்', பாரியில் 'ரைட்பின்'. முன்பிருந்த ஃபைலின் மேலேயே எழுதாதீர்கள். எழுதும் நடுவில் கரண்ட் போனால் பழையதும் கிடையாது, புதியதும் கிடையாது. தற்காலிகப் பெயரில் எழுதி முடித்துவிட்டுப் பெயரை மாற்றுங்கள். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும், அதன் பேட்டரியும் ஒரு நாள் ஏமாற்றும்.

லேப்டாப்பில் நேரம் அளப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சார்ஜர் பிடுங்கிய நிமிடமே செயலி வேகத்தை இறக்கிக்கொள்ளும். பிப்ரவரிப் புழுக்கத்தில் மூடிய அறையில் சார்ஜரோடு ஓடினாலும் சூட்டில் இறங்கும். காலையில் அளந்ததையும் கரண்ட் போன மாலையில் அளந்ததையும் ஒப்பிட்டு, புது உத்தியால் வேகம் குறைந்துவிட்டது என்று தீர்ப்பெழுத வேண்டாம். ஒரே நிலையில், மாற்றி மாற்றி ஐந்தாறு முறை அளந்து, இருப்பதில் குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிம்பை முந்தைய விடைகளைத் தற்காலிக நினைவில் வைத்திருக்கும். இரண்டாம் ஓட்டம் வேகமாகத் தெரிவது அதனாலும் இருக்கலாம், அளக்கும் முன் அதைத் துடைத்துவிடுங்கள்.

பைதான் 3.11-க்கோ அதற்கு மேலோ போனவர்களுக்கு இன்னொன்று. 4300 இலக்கத்துக்கு மேலான முழுஎண்ணை உரையாக மாற்றப் பைதான் மறுக்கும், பிழை காட்டி நிரலை நிறுத்தும். விடிய விடிய ஓடிய கணக்கு அச்சிடும் வரியில் வந்து விழுவது இப்படித்தான். 'செட் இன்ட் மேக்ஸ் எஸ்டிஆர் டிஜிட்ஸ்' மதிப்பைச் சுழியமாக்கினால் தடை நீங்கும். அச்சிடும் வரிக்கு முன்னால் பிக்கிள் வரியை வைத்திருந்தால் அதுகூட அவசரமில்லை, காலையில் நிதானமாகச் செய்துகொள்ளலாம்.