நாலடி டேங்க், கீழே சம்ப்: கரண்ட் போனாலும் தரை நனையவில்லை

இந்த மீன் தொட்டிக் கடைக்கு ஐந்து நட்சத்திரமும் கொடுக்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மீன் டேங்க்குக்குக் கீழே சம்ப் (மேலிருந்து இறங்கும் தண்ணீரை வடிகட்டி, பம்ப்பால் மறுபடி மேலே அனுப்பும் சின்னத் தொட்டி) வைக்க ஆசைப்படும் மதுரைக்காரர்கள் யாரும் நான் பட்ட பாட்டைப் படக் கூடாது.

போன வருடம் வேறொரு இடத்தில் நாலடி டேங்க்கும் சம்ப்பும் செய்து வாங்கினேன். கண்ணாடி வேலை சுத்தம்தான். ஆனால் மாதாந்திரப் பராமரிப்புக்கு என்று காலையில் கரண்ட்டை நிறுத்திய ஒரு நாள், நான் வேலையில் இருக்கும்போது அம்மா போன் செய்து "ஹால் முழுக்கத் தண்ணிடா" என்றார். பம்ப் நின்றதும், மேலே தண்ணீர் ஏற்றும் ரிட்டர்ன் பைப் வழியாகவே தண்ணீர் திரும்பிக் கீழே இறங்கியிருக்கிறது. பைப்பின் வாய் மூன்று அங்குலம் மூழ்கி இருந்ததால், அந்த வாய் வெளியே தெரிகிற வரைக்கும் இறங்கிக்கொண்டே இருக்கும். நாலடிக்கு ஒன்றரை அடி டேங்க்கில் ஒரு அங்குலத் தண்ணீர் என்றால் 14 லிட்டர், அப்படியானால் மூன்று அங்குலம் 42 லிட்டர், சம்ப்பில் காலியாக இருந்ததோ 18 லிட்டருக்குத்தான் இடம். மீதி, ரெண்டு குடம் அளவுக்கு, தரையில். கேபினட்டின் அடிப்பலகை ஊறி உப்பிவிட்டது.

அதற்குப் பிறகுதான் இந்தக் கடைக்குப் போனேன். எந்த பம்ப் நல்லது என்று கேட்டேன். "தம்பி, கரண்ட் போனா எவ்வளவு தண்ணி கீழ வரும்னு முதல்ல பாப்போம், பம்ப்பை அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்கார அண்ணன் ஒரு அட்டையில் கணக்குப் போட ஆரம்பித்தார். புது சம்ப் வாங்கு என்று சொல்லவே இல்லை. இருந்த சம்ப்பிலேயே உள் தடுப்புக் கண்ணாடிகளை 12 அங்குலத்திலிருந்து 9 அங்குலமாகக் குறைத்தார். சம்ப் இரண்டரை அடிக்கு ஒரு அடி, உயரம் 15 அங்குலம், இப்போது மேலே 6 அங்குலம் காலி, அதாவது 35 லிட்டர் தாங்கும். ரிட்டர்ன் வாயை ஒரு அங்குல ஆழத்துக்கு உயர்த்தி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பைப்பில் சின்ன ஓட்டை ஒன்றும் போட்டார். தண்ணீர் அந்த ஓட்டைக்குக் கீழே இறங்கியதும் காற்று புகுந்து இழுப்பு அறுந்துவிடும். என்.ஆர்.வி, அதாவது தண்ணீரைத் திரும்பி வர விடாத வால்வு, போடலாமே என்றேன். நத்தையோ பாசியோ ஒன்று சிக்கினால் அது மூடாது, அதை நம்பி சம்ப்பை நிரப்பக் கூடாது என்றார். சரியான பேச்சு. ஓட்டையைப் பாசி அடைக்காமல் மாதம் ஒரு முறை குத்திவிட வேண்டும், அது நம் வேலை.

அடுத்தது ஓவர்ஃப்ளோ, அதாவது மேல் டேங்க்கில் நிரம்பி வழியும் தண்ணீரைச் சம்ப்புக்கு இறக்கும் வழி. பழைய டேங்க்கில் ஒரே ஒரு இறங்கு பைப், ராத்திரி முழுக்கக் கொளகொளவென்று சத்தம். அந்த பைப் நிற்கும் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள்ளேயே இரண்டாவது ஓட்டை போட்டு, பைப்பைக் கண்ணாடியில் பொருத்தும் டேங்க் நிப்பிள் இன்னொன்றும் மாட்டினார். கண்ணாடி டஃப்பன்டு (சூடேற்றிக் கடினமாக்கியது) இல்லை என்று உறுதி செய்த பிறகே டிரில்லை எடுத்தார், டஃப்பன்டு என்றால் ஓட்டை போடும்போதே மொத்தமாக நொறுங்கிவிடும். வாஷர் தண்ணீர் இருக்கும் பக்கம். முதல் பைப்பில் கேட் வால்வு, பால் வால்வு இல்லை, ஏனென்றால் நூலளவு திருப்பி ஓட்டத்தைச் சரிசெய்ய வேண்டும், காற்றே கலக்காமல் பைப் நிறையத் தண்ணீர் ஓடினால்தான் சத்தம் வராது. இரண்டாவது பைப் கொஞ்சம் உயரமாக, வால்வே இல்லாமல், சும்மா காய்ந்து நிற்கும். முதல் பைப் அடைத்தால் அதுதான் காப்பாற்றும்.

இவர் வாங்கிய கூலி முழுவதும் நியாயம் என்று நான் நினைப்பது, மாட்டி முடித்த பிறகு வீட்டில் வைத்து அவர் செய்த மூன்று சோதனைக்காக. முதலில் பம்ப்பை நிறுத்தினார், சம்ப்பில் மூன்றரை அங்குலம் ஏறி நின்றது. அடுத்து, பம்ப் ஓடும்போதே கேட் வால்வை முழுக்க மூடினார், இரண்டாவது பைப் ஒன்றே மொத்தத் தண்ணீரையும் இறக்கியது. மூன்றாவதாக இரண்டு பைப்பையும் அடைத்துவிட்டு பம்ப்பை ஓட விட்டார். எனக்குப் பகீரென்றது. ஆனால் சம்ப்புக்குள் பம்ப் நிற்கும் தடுப்பறையில் இருந்தது சுமார் 13 லிட்டர்தான், அது தீரும்போது மேலே ஒரு அங்குலம்கூட ஏறவில்லை, விளிம்பில் விட்டிருந்த இடமே போதும். பம்ப் வறண்டு சத்தம் போட்டதும் உடனே நிறுத்தினார்.

குறையும் சொல்ல வேண்டும். சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் தாமதம், அதுவரை ஆஸ்கர் மீன் இரண்டும் டிரம்மில் கிடந்தன. சம்ப்புக்கு மேலே இடம் குறைவு என்று முன்பே சொல்லியிருக்கலாம், ஃபில்டர் பையை எடுக்க இப்போது கையை வளைக்க வேண்டியிருக்கிறது. பைப்புகளை இணைக்கும் யூனியன் ஒன்று லேசாகச் சொட்டியது, கூப்பிட்ட மறுநாள் வந்து இறுக்கிக் கொடுத்தார். கேட் வால்வை முதல் வாரத்தில் இரண்டு முறை நானே கொஞ்சம் திருப்ப வேண்டி வந்தது, அப்புறம் நிலைத்துவிட்டது.

சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போய் ஒன்றரை நாள் கழித்துத்தான் வீடு திரும்பினோம். அந்த வெயிலுக்கு பம்ப் அறையில் இரண்டு அங்குலத்துக்கு மேல் குறைந்திருந்தது, மேல் டேங்க்கில் மட்டம் அசையவில்லை. ஆவியாகிற தண்ணீரெல்லாம் அந்த அறையில்தான் குறையும், எங்கள் போர் தண்ணீர் உப்பு என்பதால் நல்ல தண்ணீரை அங்கே ஊற்றினால் போதும்.

சம்ப் கண்ணாடியில் அவர் மார்க்கரால் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார். கீழ்க்கோடு, ஓடும்போது அதற்கு மேல் ஊற்றக் கூடாது. மேல்கோடு, கரண்ட் போனால் தண்ணீர் வந்து நிற்கும் இடம். போன வாரம் மறுபடி பராமரிப்பு மின்தடை. வேலையிலிருந்து நான் கூப்பிடுவதற்குள் அம்மாவே கூப்பிட்டு, "மேல்கோட்டுல வந்து நின்னுருச்சுடா, தரை காஞ்சுதான் கிடக்கு" என்றார்.