கேட்சுக்குப் பாயிண்ட் உண்டா? முதல் ரன்னிங் பேக் யார் என்பது அதைப் பொறுத்தது

ஃபேன்டஸி ஃபுட்பால் என்பது அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லின் நிஜ ஆட்டக்காரர்களை வைத்து நாமே கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆடுவதற்கேற்பப் பாயிண்ட் சேர்க்கும் விளையாட்டு. 2025 சீசனுக்கான அதன் டிராஃப்ட்டில், அதாவது முறை வைத்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் ரன்னிங் பேக்காக (பந்தைச் சுமந்து ஓடுபவராக) யாரை எடுப்பது என்று பேச்சு வந்தால் நான்கு பெயர்கள்தான் திரும்பத் திரும்ப அடிபடுகின்றன. அட்லாண்டா ஃபால்கன்ஸின் பிஜான் ராபின்சன், டெட்ராய்ட் லயன்ஸின் ஜாமிர் கிப்ஸ், ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் சேக்வான் பார்க்லி, பால்டிமோர் ரேவன்ஸின் டெரிக் ஹென்றி. இவர்களில் யார் சிறந்த ஆட்டக்காரர் என்பது ஒரு கேள்வி. நம் லீக்கின் விதிப்படி யார் அதிகப் பாயிண்ட் தருவார் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டால் முதல் சுற்றிலேயே சறுக்கல்தான்.

விதியிலிருந்து ஆரம்பிப்போம். 10 யார்டுக்கு 1 பாயிண்ட், டச் டவுனுக்கு (பந்தை எதிராளியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்ப்பதற்கு) 6 என்பது அநேகமாக எல்லா லீக்கிலும் உள்ளதுதான். கேட்ச் விஷயத்தில்தான் லீக்குக்கு லீக் மாறும். ஸ்டாண்டர்டு லீக்கில் பந்தைப் பிடித்ததற்கென்று தனிப் பாயிண்ட் கிடையாது. பிபிஆர் (பாயிண்ட் பெர் ரிசப்ஷன்) லீக்கில் கேட்சுக்கு 1. ஹாஃப் பிபிஆரில் அரை.

இப்போது 2024 சீசனின் எண்கள். பார்க்லி ஓடியது 2,005 யார்டு, பிடித்தது 33 கேட்ச், அதில் 278 யார்டு, மொத்தம் 15 டச் டவுன். ஹென்றி 1,921 யார்டு ஓட்டம், 19 கேட்ச், 193 யார்டு, 18 டச் டவுன். கிப்ஸ் 1,412 யார்டு ஓட்டம், 52 கேட்ச், 517 யார்டு, 20 டச் டவுன். பிஜான் 1,456 யார்டு ஓட்டம், 61 கேட்ச், 431 யார்டு, 15 டச் டவுன்.

பந்தைத் தவறவிட்டதற்கான கழிவை விட்டுவிட்டு நானே கூட்டிப் பார்த்தேன். ஸ்டாண்டர்டு கணக்கில் ஹென்றி 319.4, பார்க்லி 318.3, கிப்ஸ் 312.9, பிஜான் 278.7. முதல் மூவரும் ஏறக்குறைய சமம், பிஜான் 40 பாயிண்ட் பின்னால். அதே எண்களை பிபிஆர் விதியில் போட்டால் கிப்ஸ் 364.9, பார்க்லி 351.3, பிஜான் 339.7, ஹென்றி 338.4. முதலில் இருந்த ஹென்றி கடைசிக்குப் போய்விட்டார். ஆட்டம் ஒன்றுதான், ஆட்களும் அவர்கள்தான், விதி மட்டுமே மாறியிருக்கிறது. அதனால் யாராவது ஒரு வரிசையை உங்கள் முன் வைத்தால், எந்த விதிக்குப் போட்ட வரிசை என்று முதலில் கேளுங்கள்.

ஆனால் போன வருஷக் கணக்கை அப்படியே இந்த வருஷத்துக்குத் தூக்கி வைப்பது இன்னொரு தவறு. யார்டும் கேட்சும் ஓரளவுக்கு நிலையாக நிற்பவை. டச் டவுன் அப்படியில்லை, ஒரு வருஷம் கொட்டும், மறு வருஷம் கிள்ளித்தான் கொடுக்கும். பிஜான், கிப்ஸ் ஒப்பீட்டில் இதுதான் மையம்.

பிஜானா, கிப்ஸா?

இருவரும் 2023-இல், அணிகள் புதுமுகங்களை எடுக்கும் நிஜ டிராஃப்ட்டின் முதல் சுற்றில் தேர்வாகி என்எஃப்எல்லுக்கு வந்தவர்கள், 2025 சீசன் தொடங்கும்போது இருவருக்கும் 23 வயது. பிஜான் 8-ஆவது, கிப்ஸ் 12-ஆவது தேர்வு. பார்க்கக் கிப்ஸ்தான் கண்ணைப் பறிப்பார். ஒரு சின்ன இடைவெளி கிடைத்தால் போதும், துரத்துகிறவர்கள் பின்னால் சுருங்கிப்போவார்கள். எனக்கு அவர் ஆட்டம் மிகவும் பிடிக்கும். இருந்தாலும் கணக்கைப் பாருங்கள். 2024-இல் ஓட்டமும் கேட்சும் சேர்த்து கிப்ஸ் கைக்குப் பந்து வந்தது 302 முறை. அதில் 20 டச் டவுன் என்றால் 15 முறைக்கு ஒன்று. அவரே 2023-இல் 234 முறை பந்தை வாங்கி 11 டச் டவுன் போட்டார், அதாவது 21 முறைக்கு ஒன்று. பிஜானுக்கு 2024-இல் 365 முறை பந்து வந்தது, 24 முறைக்கு ஒரு டச் டவுன்.

கிப்ஸ் தன் பழைய விகிதத்துக்குத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 302 முறைக்கு 14 டச் டவுன் வரும். 6 டச் டவுன் குறைந்தால் 36 பாயிண்ட் போகும். பிபிஆரில் 364.9 என்பது 328.9 ஆகிறது, பிஜானைவிடப் 10 பாயிண்டுக்கு மேல் கீழே. ஸ்டாண்டர்டில் 276.9, பிஜானுடன் கிட்டத்தட்டச் சமம். 34 பாயிண்டாகத் தெரிந்த இடைவெளி அங்கே காணாமலே போகிறது.

கிப்ஸ் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். லயன்ஸ் 2024-இல் 564 பாயிண்ட் குவித்த அணி, லீக்கிலேயே அதிகம். எதிராளியின் எல்லைக்கோட்டருகே அடிக்கடி போகும் அணியில் இருப்பவருக்கு டச் டவுன் வாய்ப்பு இயல்பாகவே கூடுதல். கடைசி 3 வாரங்களில் அணியின் இன்னொரு ரன்னிங் பேக் டேவிட் மான்ட்கோமெரி முழங்கால் காயத்தால் வெளியே இருந்தபோது கிப்ஸ் ஒவ்வொரு ஆட்டத்திலும் 100 யார்டைத் தாண்டி ஓடினார், மின்னசோட்டா வைக்கிங்ஸுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் 4 டச் டவுன். முழு வேலையும் கொடுத்தால் என்ன செய்வார் என்பதற்கு அந்த 3 வாரமே சாட்சி.

ஆனால் 2025 சீசனுக்கு மான்ட்கோமெரி திரும்பி வந்துவிட்டார். 2024-இல் காயத்துக்கு முன்பே 12 டச் டவுன் போட்டவர் அவர், கோட்டருகே பந்து அவர் கைக்கும் போகும். தாக்குதல் ஆட்டத்தை வகுத்துக் கொடுத்த பென் ஜான்சன் சிகாகோ பேர்ஸின் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார். ஓடுபவருக்கு முன்னால் தடுத்து வழிவிடும் வரிசையின் நடு ஆளான (சென்டர்) ஃபிராங்க் ராக்னோ ஓய்வு அறிவித்துவிட்டார். ஒரே கோடையில் இத்தனையும் மாறிய பிறகு 20 டச் டவுனை மறுபடி எதிர்பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அட்லாண்டாவிலும் 2025 சீசனில் டைலர் ஆல்ஜியர் என்ற இன்னொரு ரன்னிங் பேக் பங்குக்கு இருக்கிறார்தான். ஆனால் அங்கே யார் முதல் ஆள் என்பதில் சந்தேகமே இல்லை. பிபிஆரிலும் ஹாஃப் பிபிஆரிலும் என் முதல் தேர்வு பிஜான்.

பார்க்லியும் 2,000 யார்டின் பாரமும்

பார்க்லியின் 2024 சீசனைப் போல ஒன்றைப் பார்த்ததற்கே கொடுத்து வைத்திருக்க வேண்டும். பிளேஆஃப் (சீசன் முடிவில் வரும் நாக்-அவுட் ஆட்டங்கள்) உட்பட ஓடியது 2,504 யார்டு, இதுவரை யாரும் ஒரே சீசனில் தொடாத எண். 60 யார்டுக்கு மேற்பட்ட டச் டவுன் ஓட்டங்கள் மட்டும் பிளேஆஃப் சேர்த்து 7. தன் 28-ஆவது பிறந்தநாளிலேயே லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலையும் வென்றார். கடைசி வார ஆட்டத்தில் ஓய்வு கொடுக்காமல் இருந்திருந்தால் பிளேஆஃப் சேர்க்காத ஒரே சீசன் ஓட்டத்தில் எரிக் டிக்கர்சனின் 2,105 யார்டு சாதனையும் போயிருக்கலாம்.

அவரை மூன்றாம் இடத்தில் வைக்க என்னைத் தூண்டுவது வரலாறு. பார்க்லிக்கு முன் 8 பேர் 2,000 யார்டைத் தொட்டிருக்கிறார்கள். ஓ.ஜே. சிம்ப்சன் 1973-இல் 2,003, மறு வருஷம் 1,125. டிக்கர்சன் 1984-இல் 2,105, அடுத்து 1,234. டெரல் டேவிஸ் 1998-இல் 2,008 ஓடிவிட்டு 1999-இல் நான்காவது ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். ஜமால் லூயிஸ் 2,066-லிருந்து 1,006-க்கு வந்தார், கிறிஸ் ஜான்சன் 2,006-லிருந்து 1,364-க்கு, ஏட்ரியன் பீட்டர்சன் 2,097-லிருந்து 1,266-க்கு. ஹென்றி 2020-இல் 2,027, மறு வருஷம் கால் எலும்பு முறிந்து 8 ஆட்டத்தோடு 937. எட்டுப் பேரில் குறைவாக இறங்கியவர் பாரி சாண்டர்ஸ். 1997-இல் 2,053, 1998-இல் 1,491. அவரே 562 யார்டு இழந்தார்.

இதை ராசி, சாபம் என்று சொல்வதற்கில்லை. உடம்பு தாங்கும் அளவுக்கு ஒரு எல்லை உண்டு, அவ்வளவுதான். பார்க்லி பிளேஆஃப் சேர்த்து 436 முறை பந்தைச் சுமந்து ஓடியிருக்கிறார். தவிர, ஒரு யார்டு தூரத்தில் நிற்கும்போது ஈகிள்ஸ் தன் குவார்ட்டர் பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஜேலன் ஹர்ட்ஸைப் பின்னாலிருந்து தள்ளித்தான் கோட்டைத் தாண்டவைக்கும். ஹர்ட்ஸ் ஓடிப்போட்ட டச் டவுன் 14. ஆகவே பார்க்லிக்கு டச் டவுன் வர வேண்டுமென்றால் தூரத்திலிருந்துதான் வர வேண்டும். நீண்ட ஓட்டம் கேட்டபோதெல்லாம் கிடைப்பதில்லை. அவர் 500 யார்டு இழந்தாலும் முதல் சுற்றில் எடுக்கத் தகுந்தவரே. முதல் ஆளாக எடுக்கத்தான் நான் தயங்குகிறேன்.

ஹென்றி

2025 சீசன் தொடங்கும்போது வயது 31. சில வருஷமாக இவரைப் பற்றி "இந்த வருஷம் இறங்கிவிடுவார்" என்கிறார்கள், 2024-இல் ஓடியே 16 டச் டவுன் போட்டு பதில் சொன்னார். ரேவன்ஸ் குவார்ட்டர் பேக் லாமார் ஜாக்சனும் ஓடக்கூடியவர் என்பதால் எதிரணி இருவர் மேலும் கண் வைக்க வேண்டியிருக்கிறது, நடுவில் ஹென்றிக்கு வழி கிடைக்கிறது. ஆனால் பந்தை வீசி ஆடும் பாஸுக்கான தருணங்களில் இன்னொரு ரன்னிங் பேக் ஜஸ்டிஸ் ஹில் உள்ளே வந்துவிடுவார். ரேவன்ஸ் பின்தங்கி பாஸ் ஆட்டத்துக்கு மாறும் நாட்களில் ஹென்றி பெஞ்சில் இருப்பதைப் பார்க்க நேரிடும். ஸ்டாண்டர்டு லீக்கில் பார்க்லிக்கு முன்பே எடுப்பேன். பிபிஆரில் நால்வரில் கடைசி.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சான் பிரான்சிஸ்கோவின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 2023-இல் ஓட்டமும் கேட்சும் சேர்த்து 2,023 யார்டு, 21 டச் டவுன். 2024-இல் பல லீக்குகளில் முதல் தேர்வாகப் போய் 4 ஆட்டம்தான் ஆடினார். நலமாக இருந்தால் பிபிஆருக்கு அவரைப் போல ஆள் இல்லை, ஆனால் அந்த "இருந்தால்" இரண்டாம் சுற்றின் விலைக்குத்தான் எனக்குக் கட்டுப்படியாகும். மயாமியின் டிவான் ஏச்சேன் 2024-இல் 78 கேட்ச் பிடித்தவர், பிபிஆரில் மட்டும் மேலே வருவார். லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் 2025-இன் நிஜ டிராஃப்ட்டில் 6-ஆவது தேர்வாக எடுத்த ஆஷ்டன் ஜென்டி கல்லூரியில் ஒரே சீசனில் 2,601 யார்டு ஓடியவர், ஆனால் போய்ச் சேர்ந்த அணி 2024-இல் ஓட்டத்தில் லீக்கிலேயே கடைசி. முதல் சுற்றின் முடிவில் அவர் மிஞ்சியிருந்தால் யோசிக்கலாம்.

12 பேர் கொண்ட ஸ்நேக் டிராஃப்ட்டில் (ஒவ்வொரு சுற்றிலும் தேர்வு வரிசை தலைகீழாகத் திரும்பும் முறையில்) உங்களுக்கு 1 அல்லது 2-ஆம் இடம் விழுந்தால் பிஜான். 3, 4 என்றால் கிப்ஸ், அவர் போய்விட்டிருந்தால் பார்க்லி. 10-க்குப் பிறகு விழுந்தால், ஹென்றி மிச்சமிருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அவரை எடுத்துவிட்டு, திரும்பி வரும் அடுத்த தேர்வில் நிறையக் கேட்ச் பிடிக்கும் ஒரு ரிசீவரை (வீசும் பந்தைப் பிடிப்பதே வேலையானவரை) எடுங்கள். ஹென்றியிடம் இல்லாத கேட்ச் பாயிண்டை அவர் கொண்டு வருவார்.